சிவப்பு அம்பு ஒட்டிய மேசை

உங்கள் மாமா செய்த சாப்பாட்டு மேசையை நான் படம் எடுத்ததைப் பெருமையாகத்தான் எழுதுகிறேன். உங்கள் அம்மா படித்தால் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

அப்போது எனக்கு ஒரகடத்தில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. லைனில் வரும் பார்ட்டில் கீறலோ வெடிப்போ இருந்தால், பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, குறை இருக்கும் இடத்துக்குச் சிவப்பு அம்பு ஒட்டி, படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஷிஃப்ட் முழுக்க அதுதான். வேறு மாதிரி படம் எடுக்க எனக்குத் தெரியாது.

மாமாவின் பட்டறை வடக்குப்பட்டில். வேங்கை மரத்தில், ஒரு ஆணிகூட அடிக்காமல் அந்த மேசையைச் செய்திருந்தார். ஸ்டுடியோக்காரரை வைத்துப் படம் எடுத்து வெளியூரில் ஒருவருக்கு விற்றார். ஸ்டுடியோக்காரர் அழகுக்காகக் கம்ப்யூட்டரில் சிவப்பை ஏற்றிவிட்டார். மேசை போய் இறங்கியதும், “படத்துல பார்த்தது சிவப்பு, வந்தது வேற” என்று அதே வண்டியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பிறகு சேலத்தில் ஒரு டீச்சரம்மா அதே மேசையைக் கேட்டார். நேரில் வர முடியாது, படம் அனுப்புங்கள் என்றார். மாமா என்னிடம் வந்தார்.

“மச்சான், இதுவும் திரும்பி வந்துச்சுன்னா பட்டறைய மூடிட்டு உன் கம்பெனிக்கே கான்ட்ராக்ட்ல வந்துடறேன்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மேசையை நிழலில் தூக்கிப் போட்டோம். வெயிலில் பாலிஷ் பளபளத்து மர ரேகையை மறைத்துவிடும். மேலே ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன். படத்தில் தாள் வெள்ளையாக விழுந்தால்தான் மரத்தின் நிறமும் சரி. முதல் படத்தில் தாள் நீலம் பாய்ந்து வந்தது. பெரியவளே, நீ பிறந்தபோது வாங்கிய சின்ன கேமரா அது. அதில் நிழலுக்கென்று இருந்த செட்டிங்கைத் தேடிப் போட்டதும் தாள் வெள்ளையானது, வேங்கை வேங்கையானது. நின்று எடுத்தபோது மேசையின் கால்கள் கீழே குறுகித் தெரிந்தன. தள்ளிப்போய் மண்ணில் முட்டி போட்டு எடுத்தேன். நேராக நின்றன.

அப்புறம் பழக்க தோஷம். மேல்பலகை ஓரத்தில் கறுப்பாக ஒரு கணு, கிளை இருந்த இடம். ஸ்கேலை வைத்து, சிவப்பு டேப்பில் அம்பு வெட்டி ஒட்டி, கிட்டப் போய் ஒரு படம் எடுத்தேன்.

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இன்னா மச்சான், பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட மச்சத்துக்கு அம்பு போட்டுக் காட்டுவியா?”

கூட வந்திருந்த உங்கள் அம்மா விடுவாளா? “என்னைப் பாக்க வந்தப்ப உன் மச்சான் சொத்தப் பல்லு தெரியக் கூடாதுன்னு வாய மூடிகினு குந்திகினு இருந்தாருடா. மேசைக்குத்தான் இந்த உண்மையெல்லாம்.”

“வண்டியில வந்த பிறகு அவங்களே பாக்கறதுக்கு, இப்பவே பாக்கட்டும்” என்றேன். பிரவுசிங் சென்டரில் போய் எல்லாப் படத்தையும் அனுப்பினேன். இரண்டு நாள் மாமா என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீச்சரம்மா மேசையை அனுப்பச் சொன்னார்.

மேசை போய் இறங்கிய அன்று மாமா எந்த வேலையையும் தொடவில்லை. போனை எதிரில் வைத்து உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

“படத்தைப் பக்கத்துல வச்சுப் பார்த்தேங்க” என்றார் டீச்சரம்மா. “அம்பு மட்டும்தான் இல்லை. இதுக்கு ஆறு நாற்காலி செய்வீங்களா?”

மாமா என்னைப் பார்க்காமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

நாற்காலிகள் முடிந்ததும் அவரே கூப்பிட்டார். போனேன். ஒரு நாற்காலியைத் திருப்பி, சாய்மானத்தின் பின்பக்கம் நகக்கண் அளவு இருந்த ஒரு கீறலை விரலால் தொட்டுக் காட்டினார்.

“இங்க ஒண்ணு கீது மச்சான். இத மொதல்ல எடு.”