இறால் கம்பெனிச் சேறும் வெள்ளிக்கிழமை விருந்தாளியும்

கழிவுநீரைச் சுத்தம் செய்பவன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் இலை காலியாகவே இருக்கும். அடைத்துக்கொண்ட சமையலறைத் தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவிய அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் நாம் ஒரே கட்சி, மேலே படிக்கலாம்.

சாப்பாடு மட்டும் போதும்

தூத்துக்குடியில் இறால் ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் கழிவுநீர்ப் பிரிவு என் பொறுப்பு. இறால் கழுவிய தண்ணீர் எங்கள் தொட்டிக்கு வரும். அடியிலிருந்து காற்றை ஊதிக்கொண்டே இருந்தால், பழுப்புச் சேற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். இறால் உரிக்கும் பெண்களுக்குத் தலைவியான திரேஸ்புரம் லூர்தம்மாளுக்கு இதை விளக்கினேன். தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சோறும் காத்தும் குடுத்தா போதும், ராப்பகலா வேலை பாக்குமா? எங்க வீட்டுக்காரரை இங்கன விட்டுட்டு, இதுல ஒரு சொம்பு மோந்துட்டுப் போறேன் அண்ணாச்சி."

விருந்தாளிக்கு மரியாதை

வெள்ளிக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. வெளியேறும் தண்ணீர் தெளிவாக இல்லாவிட்டால் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் பூட்டு. உரிக்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போகும். பயந்துபோன லூர்தம்மாள் படை, செவ்வாய்க்கிழமையே மூட்டை மூட்டையாக ப்ளீச்சிங் பவுடர் கொட்டித் தரை, சுவர், சாக்கடை எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவியது. கழுவிய தண்ணீர் நேராக என் தொட்டிக்கு.

ப்ளீச்சிங் பவுடருக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதமில்லை. மறுநாள் காலை சேறு வெளுத்து, நுரை பொங்கி, தொட்டியே இழவு வீடு. தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். விஷயம் புரிந்ததும் லூர்தம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "செத்துப்போனதுக்குப் பதிலா வேற ஆளெடுக்க முடியாதா அண்ணாச்சி?"

ஆளெடுப்பு

முடியும். இன்னொரு கம்பெனியில் என் நண்பர் வளர்க்கும் ஆரோக்கியமான சேற்றில் ஒரு டேங்கர் கேட்டு வாங்கினேன். டிரைவருக்குப் பக்கத்தில், பெண் அழைத்து வருபவன் போல நான். துறைமுகச் சாலையில் போலீஸ்காரர் மறித்தார்.

"என்ன லோடு?"

"சாக்கடைச் சேறு சார்."

"எங்கன கொட்டப் போறீரு?"

"கொட்ட இல்லை சார், வளர்க்க. நண்பர்கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வாரேன்."

மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். மூக்கைப் பொத்தியபடி பின்வாங்கினார்: "இதைத் திருட்டுத்தனமா கொட்டுறவனைப் பிடிச்சிருக்கேன், கெஞ்சி வாங்கிட்டு வாரவனை இப்பத்தாம்வே பாக்கேன், கிளம்பும், கிளம்பும்!"

கண்ணாடிக் குடுவை

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். புதுச் சேறு கலந்த தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் மோந்து மேசைமேல் வைத்தேன். அரை மணி நேரத்தில் சேறு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிய வேண்டும். ஓட்டு எண்ணிக்கை பார்ப்பதுபோலப் பெண்கள் ஜன்னலில் முண்டியடித்தார்கள். "ஏளா, இறங்குது, இறங்குது!" லூர்தம்மாள் மாதாவை விட்டுவிட்டுச் சேற்றிடமே நேரடியாக வேண்டினார்: "படிஞ்சிரு ராசா!"

படிந்தது. வெளியேறும் தண்ணீரும் தெளிவு. ஷெட்டில் குலவைச் சத்தம். திருப்தியாகக் கிளம்பிய அதிகாரி வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார்: "எல்லாம் சரி, மீன் வாடைதான் தூக்குது, ப்ளீச்சிங் பவுடரை நல்லா அள்ளிப் போட்டுக் கழுவக் கூடாதாம்மா?"

ஷெட்டுக்கு விழ இருந்த பூட்டு இப்போது ப்ளீச்சிங் பவுடர் அறையில் தொங்குகிறது, சாவி லூர்தம்மாள் இடுப்பில்.