கால் நீட்ட இடம்

ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஆற்றோரம் மூட்டை இறக்கும்போது பலகை சரிந்து என் முழங்காலின் தசைநார் அறுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் அதைத் தைத்து மாவுக்கட்டுப் போட்டார். கட்டைப் பிரிக்க வேண்டிய சமயம் ஜப்பான்காரன் வந்துவிட்டான், டாக்டர் ஊரில் இல்லை. ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர்தான் பிரித்தார். உள்ளேயிருந்து வந்த தொடை யாருடையதோ மாதிரி இருந்தது. அவ்வளவு ஒல்லி.

“தச்சது புடிச்சிருச்சு. இனிமே தசைதான் உங்களத் தாங்கணும். மல்லாந்து படுத்து காலை நல்லா நீட்டுங்க. முட்டியக் கீழ அழுத்தி தொடைய இறுக்குங்க. அப்புறம் மடக்காம அப்படியே தூக்குங்க,” என்று சொல்லி அனுப்பினார்.

என் மனைவி அப்போது பிள்ளைத்தாய்ச்சி. அரிசி கண்ணில் படாத காலம். காஜா பெராங்கில் நாங்கள் இருந்த வாடகை அறைக்குப் பின்னால் துண்டு நிலம் ஒன்றில் மரவள்ளி போட்டிருந்தோம். வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள்தான் கொத்தினாள். மண்வெட்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே இருப்புக்கொள்ளாது. அவளுக்கு வலி எடுப்பதற்குள் நான் அந்த நிலத்தில் இறங்கியாக வேண்டும்.

பக்கத்து அறைக்காரர் கேலி செய்வார். “ஏன்யா அவசரப்படுற? நல்லா நடந்தியானா ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போயிருவான். நொண்டிக்கிட்டே கெட.”

நான் தொடையை இறுக்குவதை விடவில்லை. அம்மன் பேரை நிதானமாகச் சொல்லி முடிக்கும்வரை பிடித்திருந்து விடுவேன். ஆனாலும் எழுந்து நின்றால் முழங்கால் பட்டென்று மடங்கியது. நடந்து பார்ப்பேன், சுவரைப் பிடிப்பேன், திரும்பப் படுப்பேன். இப்படியே பொழுது போனது.

ஒருநாள் டிரஸ்ஸர் சைக்கிளில் வந்தார். காலை நீட்டச் சொல்லி, முழங்காலுக்கு அடியில் கையை விட்டார். கை தாராளமாகப் போனது.

“இந்த இடுக்கு மூடணும். கடைசி வரைக்கும் நீட்டாத காலு நிக்காது. எப்படிப் படுத்துச் செய்றீங்க?”

சொன்னேன். அறையின் வடக்குச் சுவரில்தான் சாமி மாடம். தெற்கே தலை வைத்தால் கால் அம்மனைப் பார்க்கும். வடக்கே தலை வைக்கக் கூடாது. குறுக்கே படுத்தால் காலை முழுசாக நீட்ட இடமில்லை. முடங்கித்தான் தூங்கினோம், முடங்கியபடிதான் காலையும் தூக்கினேன். டிரஸ்ஸர் மாடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு நான் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, டிரஸ்ஸர் சொன்னதைக் கேட்டிருந்த என் மனைவி முக்காலி மேல் ஏறி அம்மன் படத்தை எடுத்துவிட்டாள்.

“நாள் பார்க்காம எடுக்கலாமா?”

“பிள்ள மட்டும் நாள் பார்த்தா வரப்போவுது? அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க முக்காலியப் புடிங்க.”

படமும் விளக்கும் தெற்குச் சுவருக்குப் போயின. அதன் அடியில் தலை வைத்து, மனசு பதைக்கப் பதைக்கக் காலை நீட்டினேன். முழங்காலுக்குப் பின்னால் கயிறு மாதிரி இழுத்தது. இறுக்கினேன், தூக்கினேன். அது பழகியதும் கணுக்காலில் மணல் பையைக் கட்டிக்கொண்டேன். அவசரப்பட்டுக் கூடுதலாகச் செய்த நாளெல்லாம் முட்டி வீங்கும். ஈரத்துணி போட்டுக்கொண்டு அம்மனிடம் முனகுவேன்.

சாயங்காலம் ஆனால் அவள் சிரமப்பட்டு உட்கார்ந்து முட்டிக்கு அடியில் கையை விட்டுப் பார்ப்பாள். “போவுது,” என்பாள். மறுநாளும், “போவுது.”

ஒரு சாயங்காலம் அவள் விரல் நுழையாமல் நின்றது. மறுபடியும் தள்ளிப் பார்த்தாள்.

“போவல,” என்றாள். “நாளைக்கு நான் கொத்த மாட்டேன்.”

விடிந்ததும் ஒரு கையில் மண்வெட்டியும், சயாமுக்குப் பிடிக்க வருகிறவன் பார்த்தால் நொண்டியாகத் தெரிய இன்னொரு கையில் ஊன்றுகோலுமாக நிலத்தில் இறங்கினேன். கோலைக் கீழே போட்டுவிட்டு ஓங்கிக் கொத்தினேன். முழங்கால் நடுங்கியது, மடங்கவில்லை. கிழங்கோடு திரும்பியபோது, அவள் அம்மனுக்கு அடியில் தலை வைத்து, கால் இரண்டையும் முழுசாக நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள்.