ஐ.சி.யு. செலவு ஸ்டெல்லா சிஸ்டர் தலையில்

கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் எல்லோரும் நம்மைத் தேடி வருவார்கள், அதன் செலவை யார் தலையில் கட்டுவது என்று கேட்டால் எல்லோரும் ஓடிவிடுவார்கள். இதுதான் நம் தொழில். மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.டி. பிரிவில் இருக்கிறேன். கம்ப்யூட்டர், சர்வர், பிரிண்டர் செலவெல்லாம் அதைப் பயன்படுத்தும் பிரிவின் கணக்கிலேயே தானாகப் போய் விழும்படி சாஃப்ட்வேரில் செட்டிங் போடச் சொன்னார்கள். சார்ஜ்பேக் என்று அதற்குப் பெயர். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

அநாதை பிரிண்டர்

பார்மசிக்கும் பில்லிங் கவுண்டருக்கும் நடுவில் ஒரு பிரிண்டர். நாள் முழுக்க ஓடும். யார் கணக்கில் போடட்டும் என்று பார்மசிக்காரரைக் கேட்டேன். மனிதர் கையில் சுடச்சுட ஒரு கத்தைப் பேப்பர்.

"அது பில்லிங்காரங்களோடது மேடம். நாங்க சும்மா பிரிண்ட் மட்டும்தான் எடுக்கறோம்."

முதல் ரிப்போர்ட்

முதல் மாத ரிப்போர்ட்டில் நர்சிங் ஸ்கூல் செலவு எல்லாப் பிரிவையும் தாண்டி உச்சியில் நின்றது. ஃபைனான்ஸ் மேனேஜர் மஞ்சுநாத் சந்தோஷமாகிவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை மீட்டிங்கில் அங்கிருக்கும் கம்ப்யூட்டர் லேபை மூட முடிவெடுத்துவிடலாம் என்றார். கம்ப்யூட்டரே இல்லாத வீடுகளிலிருந்து வரும் பெண்கள் மருந்துச் சார்ட் போடக் கற்றுக்கொள்வது அந்த லேபில்தான். கொஞ்சம் பொறுங்கள், சரிபார்க்கிறேன் என்றேன். மஞ்சுநாத் தமிழில் கன்னடம் கலந்து பேசுவார்; அவர் 'அல்வா' என்றால் தின்கிற அல்வா இல்லை, 'இல்லையா' என்று அர்த்தம்.

"சாஃப்ட்வேர் பொய் சொல்லாது அல்வா, மேடம்?"

தூங்காத சிஸ்டர்

நர்சிங் ஸ்கூலில் பாடம் நடத்தும் ஸ்டெல்லா சிஸ்டர் என்னைத் தேடி வந்தார். அதற்குள் நான் செட்டிங்கை வரிவரியாகப் பார்த்து முடித்திருந்தேன். தப்பே இல்லை. யார் லாகின் செய்கிறாரோ, அவருடைய பிரிவுக்குச் செலவு. ஆனால் சிஸ்டர் பெயரில் மட்டும் இரவு பகல் இல்லாமல் லாகின். நான் போட்ட செட்டிங்கால் ஒரு லேப் மூடப்படுவதா? ஒரு கை பார்த்துவிடுவது என்று எழுந்தேன்.

"நல்லாப் பாரும்மா. எங்க லேப்ல பாதி கம்ப்யூட்டர் ஆன்கூட ஆகாது. அதுக்கா இவ்ளோ பில்லு?"

ஐ.சி.யு. வழக்கம்

அந்த லாகின் எல்லாம் ஐ.சி.யு. கம்ப்யூட்டர்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. நேரே அங்கே போய் நின்றேன். ஷிஃப்ட் மாறியது. புதிதாக வந்த நர்ஸ், கொள்ளேகாலத்துப் பெண், உட்கார்ந்ததும் ஸ்டெல்லா சிஸ்டரின் ஐ.டி.யைத் தட்டினாள். போன வருஷம் வரை சிஸ்டர்தான் அங்கே இன்சார்ஜ். அன்றிலிருந்து எல்லா ஷிஃப்டுக்கும் அவர் பாஸ்வேர்டுதான் பொதுச் சாவி. நாங்கள் ஆளுக்கொன்றாகக் கொடுத்த ஐ.டி.யை யாரும் தொட்டதே இல்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஏனம்மா இப்படி என்று கேட்டேன்.

"சிஸ்டர் டிரான்ஸ்ஃபர் ஆயிட்டாங்க, சரிங்க மேடம். பாஸ்வேர்டு டிரான்ஸ்ஃபர் ஆகலீங்களே!"

வெள்ளிக்கிழமை

பழைய ஐ.டி.யை அங்கேயே முடக்கினேன். முணுமுணுத்தவர்களை எல்லாம் பக்கத்தில் நின்று அவரவர் பெயரில் லாகின் செய்ய வைத்தேன். அந்த மாதச் செலவையும் ஐ.சி.யு. கணக்குக்கு மாற்றி, புது ரிப்போர்ட்டை மீட்டிங்கில் வைத்தேன். நர்சிங் ஸ்கூல் கடைசி வரிக்கு இறங்கிவிட்டது, ஐ.சி.யு. உச்சிக்கு ஏறிவிட்டது. மஞ்சுநாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"லேப் இருக்கட்டும் விடுங்க, மேடம். ஐ.சி.யு.வை எப்படி மூடறது, நீங்களே ஹேளி, சொல்லுங்க!"

செலவில் ஒரு பைசாகூடக் குறைக்காமல் ஒரு லேபைக் காப்பாற்றிவிட்டேன், ஆனால் ஐ.சி.யு. பக்கம் போனால் இப்போது எனக்கு யாரும் காபி கொடுப்பதில்லை.