திங்கட்கிழமைகளில் மூடிய அரண்மனை

தங்கைக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்காக ஒரு பேருந்து நிறைய மனிதரை ஜெர்மனியின் கொலோனிலிருந்து பிரெஞ்சு மன்னரின் அரண்மனைக்கு அழைத்துச் சென்றவர், நான் அறிந்தவரை, என் மாமா ஒருவர்தான். பேருந்தில் இருந்தவர்களுக்கு அது கோடை விடுமுறைச் சுற்றுலா. உண்மை தமக்கும் மாமிக்கும் மட்டுமே தெரியும் என்று மாமா நம்பியிருந்தார். எனக்குத் தெரியாது. எனக்கு அப்போது பத்து வயது.

ஜெர்மனியில் மார்க் நாணயம் போய் யூரோ வந்த ஆண்டு அது. நான் சித்தியோடு இருந்தேன். சித்தி என் அம்மாவின் தங்கை. என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே ஜெர்மனிக்கு வந்தவர். என் பெற்றோருக்கு நேர்ந்ததை எழுத இது இடமல்ல. அவர்கள் இல்லை என்பது மட்டும் இங்கே போதும். சித்தி ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் வேலை செய்தார். மாலையில் வீடு திரும்பும்போது அவருடைய கைகளில் சூடான துணியின் மணம் இருக்கும்.

அதற்கு முன்னர் இரண்டு சம்பந்தங்கள் பேச்சளவில் நின்றுபோயிருந்தன. இரண்டிலும் மாப்பிள்ளை வீட்டார் மிகுந்த பண்போடு ஒரே யோசனையைத்தான் முன்வைத்தார்கள்: பொடியன் மாமாவோடு இருக்கட்டுமே. சித்தியும் அதே பண்போடு வெற்றுத் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். விருந்தினர் புறப்படும்வரை வெளியே வரவில்லை. இரண்டாவது முறைக்குப் பின் மாமாவிடம், “இனி ஒருத்தருக்கு முன்னாலயும் தட்டோட வந்து நிக்க என்னால ஏலாது, அண்ணை” என்று சொல்லிவிட்டாராம்.

மாமா எதையும் கைவிடும் சுபாவம் உடையவரல்லர். பாரிஸில் ஓர் உணவகத்தில் சமையல்காரராக இருந்த ஒருவரை மாமியின் உறவினர் வழியாக அறிந்துகொண்டார். பெண் தட்டோடு நிற்கமாட்டாள் என்றால் மாப்பிள்ளை நிற்கட்டும் என்பது மாமா கண்ட தீர்வு. அந்த மனிதர் எங்களுக்குச் சுற்றுலா வழிகாட்டியாக வந்து, ஒரு நாள் முழுவதும் எல்லோர் முன்னிலையிலும் நடந்து பேசிக்காட்ட வேண்டும். பெண் பார்க்கட்டும். அவளுக்குத் தெரியாமலே பார்க்கட்டும்.

இத்தனை நுட்பமான திட்டத்தை மாமி புறப்படும் முன்னரே குலைத்துவிட்டார். சித்தியை மயில்நீலப் பட்டுச் சேலை உடுக்கச் சொன்னார்.

“ஆறு மணித்தியாலம் பஸ்ஸில இருக்கிறதுக்கு ஆர் பட்டு உடுக்கிறது, மச்சாள்?” என்று சித்தி கேட்டார். மாமி வழியில் தின்ன ரோல்ஸ் கட்டிவைத்த பெட்டியைத் திறந்து மறுபடி மூடினார். சித்தி அவரைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பருத்திச் சட்டையும் நடக்கத் தோதான சப்பாத்தும் அணிந்துகொண்டு வந்தார். மாமா கடைசிவரை எதையும் கவனிக்கவில்லை.

வெர்சாய் அரண்மனையின் பொன்முலாம் பூசிய வாயிலில், நல்ல வெயிலில், ஒரு கறுப்புக் குடையை உயர்த்திப் பிடித்தபடி வழிகாட்டி நின்றார். வெள்ளைச் சட்டையில் பொதியைப் பிரித்தபோதிருந்த மடிப்புகள் அப்படியே இருந்தன. எல்லோரும் இறங்கிச் சூழ்ந்துகொண்டதும் தொண்டையைச் செருமினார்.

“வணக்கம். இதுதான் அரண்மனை.”

அவ்வளவுதான். மாமா இருமினார். “பெரிய அரண்மனை” என்று வழிகாட்டி சேர்த்துக்கொண்டார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நகர நூலகத்திலிருந்து அந்த மன்னரைப் பற்றிய சிறுவர் நூலொன்றை எடுத்து, இரண்டு வாரம் படித்திருந்தேன். பயணத்தில் என் அறிவை உரசிப் பார்க்க ஓர் அறிஞர் வருவார் என்று எதிர்பார்த்தேன். இவரோ ஒவ்வொரு மண்டபத்திலும் கூரை ஓவியத்தை எங்களோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தார். பார்த்தபின், “வடிவாயிருக்கு” என்றார்.

கண்ணாடி மண்டபத்தை அடைந்தபோது என் பொறுமை தீர்ந்தது. இதைக் கட்டிய மன்னர் யார் என்று கேட்டேன். அவர் சிறிது யோசித்து, “பதினாறாம் லூயி” என்றார்.

“பதினாலாம் லூயி, அங்கிள். பதினாறாம் லூயியைத்தான் தலை வெட்டினவை.”

சுற்றியிருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். மாமாவின் முகம் சிவந்தது. பெரியவர் ஒருவரைப் பலர் முன்னே திருத்துவது எங்கள் வீட்டில் ஏற்கப்படும் செயலல்ல. என் தோளைப் பற்ற மாமாவின் கை வந்ததையும் உணர்ந்தேன். அதற்குள் வழிகாட்டி என் உயரத்துக்குக் குனிந்துவிட்டார்.

“அப்ப நான் சொன்னது பிழை. எனக்கு உள்ளுக்கு ஒண்டும் தெரியாது, தம்பி. மிச்சத்தை நீர் சொல்லும், நானும் கேப்பன்.”

குடையை என் கையில் தந்தார்.

அதன்பின் நான் முன்னே நடந்தேன். தலைக்கு மேல் குடையை உயர்த்திப் பிடிக்க இரண்டு கைகளும் தேவைப்பட்டன. சித்தி கண்ணாடியொன்றின் முன் நின்று தலைமயிரைச் சரிசெய்வதுபோல் தெரிந்தது. அதே கண்ணாடியில், எனக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு நல்ல மாணவரைப்போல் வந்துகொண்டிருந்த வழிகாட்டியும் தெரிந்தார். கண்ணாடி துடைத்துவைத்ததுபோல் இருக்கிறது என்று மட்டும் நான் நினைத்தேன்.

மன்னரின் படுக்கையறையில், கட்டிலுக்கு முன்னே பொன்வேலி ஏன் என்பதை விளக்கினேன். ஒவ்வொரு காலையும் மன்னர் எழும்புவதைப் பார்ப்பதற்குப் பிரபுக்கள் வேலிக்கு வெளியே காத்து நிற்பார்கள் என்றேன்.

“ஒரு மனிசன் நித்திரையால எழும்புறதைப் பாக்க இவ்வளவு சனமோ?” என்றார் மாமா, என்மீதிருந்த கோபத்தை மறந்து. “எங்கட வீட்டில ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்லை.”

“எழும்பினாத்தானே பாக்கலாம்” என்றார் மாமி.

எல்லோரும் சிரித்தார்கள். வழிகாட்டி மட்டும் சிரிக்காமல், மன்னர் எழும்பியதும் என்ன சாப்பிடுவார் என்று என்னிடம் கேட்டார். அது என் நூலில் இல்லை. வாழ்க்கையில் முதன்முதலாகச் சபை நடுவே, “தெரியாது” என்று சொன்னேன். எனக்கே வியப்பாக, ஒன்றும் நேரவில்லை.

தோட்டத்துக்குள் இறங்கியதும் அவர் குடையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். “வெளியில நான் பாத்துக்கொள்ளுறன்” என்றார். அதன்பின் நடந்தது எனக்குப் புதிராக இருந்தது. உள்ளே ஒரு கதவையும் அறியாதவர், வெளியே ஒவ்வொரு செடிவேலியையும் அறிந்திருந்தார். எந்தக் குழாயில் குடிநீர் வரும், எந்தக் கழிப்பறையில் வரிசை குறைவு, எந்தப் பாதையில் சரளைக்கல் காலைக் குத்தாது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆரஞ்சு காய்க்கும் தோடைமரங்களை ஏன் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள் என்று சோதிக்கும் எண்ணத்தோடுதான் கேட்டேன்.

“குளிருக்கு உள்ளுக்கு வச்சிருப்பினம். வெயில் வந்தாப்பிறகு ஒவ்வொண்டா வண்டியில ஏத்தி வெளியில கொண்டுவருவினம். நான் நிண்டு பாத்தனான்.”

நடையில் ஒரு குறையும் இருந்தது. ஒருவரும் களைக்கும் முன்னரே, நிழலில் உட்காருவதற்குப் போட்டிருந்த ஒரு வாங்கைக் காட்டி, “இதில கொஞ்சம் இருப்பம்” என்பார். எழுந்து சிறிது தூரம் போனதும் மறுபடி ஒரு வாங்கு. நீரூற்றுகளை எண்ணி முடிக்கும் அவசரத்திலிருந்த எனக்கு இது எரிச்சலூட்டியது. மாமியின் ரோல்ஸைத் தின்று தீர்ப்பதற்கு மட்டும் அந்த நிறுத்தங்கள் பயன்பட்டன.

கடைசியாகப் பெரிய கால்வாய்க்கு வந்தோம். அங்கே வாடகைக்குத் துடுப்புப் படகுகள் இருந்தன. படகுக்காரர் வழிகாட்டியைத் தூரத்திலேயே கண்டு, பழகியவரைப்போல் கையசைத்தார். மாமா இந்தக் கட்டத்துக்காகவே ஆறு மணித்தியாலம் பயணம் செய்திருக்கவேண்டும். சித்தியைப் படகில் ஏற்றிவிட்டு, என்னைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சின்னப் படகு. தம்பி எங்களோட நிக்கட்டும்.”

இப்போது அந்தக் காட்சியை நினைக்கையில், சித்தியின் முகத்தைத்தான் தேடுகிறேன். அவர் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வீட்டார் முன்னர் சொன்ன அதே யோசனையை இம்முறை தம் சொந்த அண்ணனே, நல்லெண்ணத்தோடு, ஒரு படகைச் சாட்டிச் சொல்கிறார். வேலைப்பாடுமிக்க ஒரு நாள் அந்த இடத்தில் முடிந்துபோகக் கூடியதாக இருந்தது.

வழிகாட்டி துடுப்போடு நின்றார், படகில் ஏறவில்லை.

“நடுவில இடம் இருக்கு, அண்ணை. தம்பியும் வரட்டும்.”

“இல்லை, நீங்கள் ரெண்டு பேரும் ஆறுதலா...” என்று தொடங்கிய மாமா மேலே சொல்ல வழியின்றி நிறுத்தினார். நாங்கள் எவரும் எதுவும் அறியமாட்டோம் என்பதுதானே அவருடைய திட்டம்.

“அப்ப எல்லாரும் கரையில நிப்பம்” என்றார் வழிகாட்டி. கோபமாகச் சொல்லவில்லை. துடுப்பைப் படகுக்குள் வைத்துவிட்டுச் சித்தி இறங்குவதற்காகக் கையை நீட்டினார். சித்தி இறங்கவில்லை. தம் பையை நடு இருக்கையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாமாவின் கை என் தோளிலிருந்து விலகியது.

படகு கரையை விட்டுப் புறப்பட்டு, நின்ற இடத்திலேயே வட்டமடித்தது.

“அங்கிள், உங்களுக்குத் துடுப்புப் போடத் தெரியுமோ?”

“தெரியாது.”

“உங்களுக்கு என்னதான் தெரியும்?” என்று சித்தி கேட்டார். அன்று சித்தி அவரோடு பேசிய முதல் வார்த்தை அது.

அவர் துடுப்பை நிறுத்தி, கேள்வியை உரிய மரியாதையோடு எண்ணிப் பார்த்தார். “சமைக்கத் தெரியும்.”

சித்தி சிரித்தார். பிறகு ஒரு துடுப்பைத் தாமே வாங்கிக்கொண்டார். எந்தப் பக்கம் என்று நான் சொல்லச் சொல்ல, படகு ஒருவாறு நேராகப் போனது.

திரும்பும் வழியில், பேருந்தில், வழிகாட்டி எப்படி என்று சித்தி என்னிடம் கேட்டார். கறாரான ஆய்வாளனைப்போல் என் மதிப்பீட்டைச் சொன்னேன்: “உள்ளுக்கு ஒண்டும் தெரியாது. ஆனா தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுறார்.” ஆகன் நகரருகே ஜெர்மன் எல்லையைக் கடந்ததும் சித்தி எழுந்து, முன்னிருக்கைக்குச் சென்று, மாமாவின் காதருகே ஒரே ஒரு சொல்லைச் சொன்னார். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த தரிப்பிடத்தில் பேருந்தை நிறுத்தி எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். சித்திக்குக் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்ததாக நான் முடிவு செய்தேன்.

வழிகாட்டி சித்தியை மணந்து, பாரிஸை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். நான் அவரைச் சித்தப்பா என்று அழைக்கத் தொடங்கினேன். புதிய மொழியொன்றைப் படித்து, ஒரு பள்ளி உணவுக்கூடத்தில் வேலை தேடிக்கொண்டார். என் பள்ளியின் பெற்றோர்-ஆசிரியர் சந்திப்புகள் ஒன்றையும் அவர் தவறவிட்டதில்லை. ஆசிரியர் கேட்பவற்றுக்கெல்லாம், தமக்குத் தெரியாது, இவரைக் கேளுங்கள் என்று என்னைக் காட்டுவார். நான் பின்னாளில் அதே நூற்றாண்டின் வரலாற்றை ஆராய்ந்து பட்டம் பெற்று, அதையே கற்பிப்பவனான பிறகும், குசினியில் வெங்காயம் நறுக்கியபடி சொல்வார்: “நீர் சொல்லும், நானும் கேப்பன்.” என் ஆய்வேட்டை முழுமையாகக் கேட்ட ஒரே மனிதர் அவர்.

இந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு, அந்தப் பயணத்தைப் பற்றிச் சித்தியிடம் கேட்டேன். அரண்மனைக்குள் ஒன்றும் அறியாதவருக்குத் தோட்டம் மட்டும் எப்படி அத்தனை தெரிந்திருந்தது?

“அவர் வேலை செய்த சாப்பாட்டுக் கடைக்குத் திங்கட்கிழமைதான் லீவு” என்றார் சித்தி. “அரண்மனையும் திங்கட்கிழமை பூட்டு. இவருக்கு அது தெரியாது. அண்ணைக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டு, பாத்துப் பழகுவம் எண்டு போனா, கதவு பூட்டு. தோட்டம் மட்டும் திறந்திருக்கும். அந்த வசந்தகாலம் முழுக்கத் திங்கட்கிழமைதோறும் போய்த் தோட்டத்துக்குள்ள நடந்தவராம்.”

“என்னத்துக்கு?”

“அண்ணையிட்ட என்னைப்பற்றி அவர் ஒண்டும் கேக்கேல்லை. பொடியன் எவ்வளவு தூரம் களைக்காமல் நடப்பான் எண்டுதான் கேட்டவர்.”

நான் இன்று ஆண்டுதோறும் மாணவர்களை அந்த அரண்மனைக்கு அழைத்துச் செல்கிறேன். உள்ளே எனக்குத் தெரியாத கதவு இல்லை. வெளியே அந்த வாங்குகள் சில இன்னும் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுவரை உள்ள தூரம், ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கால்களுக்கு முன்கூட்டியே நடந்து பார்க்கப்பட்ட தூரம். அன்று நான் அந்த நிறுத்தங்களை நிழலுக்காக என்று மட்டுமே எண்ணினேன்.