மெமரியில் இல்லாத குரைப்பு

“…மெமரியத்தான் கழட்டிக் கையில வச்சிருக்கேனே தம்பி, பெறகு எப்படிப் போகும்?” என்றார், கோம்பைப் பக்கம் மக்காச்சோளக் காட்டுக்குக் காவல் இருக்கிற அந்த மனிதர். முன்பல் ஒன்று இல்லாத, நெடுநெடுவென்ற ஆள். பேசும் முன் போனைத் துண்டில் ஒருமுறை துடைத்துக்கொள்வார்.

பழைய போன் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று உத்தமபாளையத்தில் என் கடைக்குக் கொண்டுவந்திருந்தார். கம்பெனி அதற்கு அப்டேட் விடுவதை நிறுத்திவிட்டது. போனை இயக்குகிற வேறு ஓ.எஸ். ஏற்றினால் இன்னும் இரண்டு வருஷம் ஓடும்; ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதனால் முதலிலேயே, “மெமரிய எடுத்துட்டீகளாண்ணே?” என்று கேட்டேன். “எடுத்தாச்சு” என்றார்; நானும் புது ஓ.எஸ்.ஸை ஏற்றிவிட்டேன். நான் கேட்டது போனுக்குள் இருப்பதை. அவர் எடுத்தது நகம் அளவு கார்டை.

அவருடைய நாயின் குரைப்பு போனுக்குள்தான் இருந்திருக்கிறது. நாய் செத்த பிறகு அதை ஸ்பீக்கரில் போட்டுத்தான் காட்டுப்பன்றிகளை விரட்டிவந்தாராம். இப்போது போன் சிட்டாய் ஓடியது. குரைப்பு மட்டும் இல்லை.

“வேற நாய்க் குரைப்பு இறக்கித் தரட்டுமாண்ணே?”

“ஊரான் நாய்க்கா பன்னி பயப்படும்? இவன் கொரலுதான் அதுகளுக்கு அத்துப்படி.”

இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. போனைத் துண்டில் துடைத்தார். ரெக்கார்டரைத் திறந்து தரச் சொன்னார். கடை வாசலில் போய் நின்று, போனை வாயருகே பிடித்துக்கொண்டு, தன் நாயைப் போலவே குரைத்தார்.