ரோஸ்விதா வைத்த தக்கை

பின்வாசல் வழியாகத்தான் வருவார். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. ரொட்டிக் கூடையில் கையை விட்டு ஒரு முனையைப் பிய்த்து, அடுப்பில் சுண்டிக்கொண்டிருக்கும் மான் குழம்பில் தோய்த்து வாயில் போட்டுக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். அவர் மென்று முடிக்கும்வரை சமையலறையில் யாரும் பேசக்கூடாது. விடுதி என்னுடையது, சமையலறை என்னுடையது, குழம்பும் என்னுடையது. ஆனாலும் பேசக்கூடாது.

"போன வருஷத்தைவிடக் குழம்புல பழம் ஒரு கை கூட விழுந்திருக்கு, எர்வின்."

"இல்லக்கா, அதே அளவுதான் போட்டேன்."

"அப்போ இந்த வருஷப் பழம் இனிப்பு ஜாஸ்தி. உன் கை சரின்னா பழம் தப்பு, பழம் சரின்னா உன் கை தப்பு. எப்படியும் நான் ஒயினை மாத்தணும்."

ரோஸ்விதா அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. நெட்டையான உடம்பு, ஒட்ட வெட்டிய நரைமுடி. கோடையோ குளிரோ, இறந்துபோன கணவர் பெர்ட்ராமின் நீல வேலைக் கோட்டுதான் போட்டிருப்பார். கையை இரண்டு மடிப்பு மடித்திருந்தாலும் விரல் நுனிவரை தொங்கும். வாசனை சோப்பு போடமாட்டார். அவர் ஒயினை ருசி பார்க்கும்போது பக்கத்தில் யாராவது ஆரஞ்சுப் பழம் உரித்துவிட்டால் தீர்ந்தது. ஒருமுறை எங்கள் பாதிரியாரையே பழத்தோடு வெளியே அனுப்பிவிட்டு, "சாமிக்கு மூக்கு வேணாம், எனக்கு வேணும்" என்று சொன்னவர்.

வாரநாட்களில் கூட்டுறவுச் சங்கத்தின் ஒயின் கடையில் நிற்பார். இலையுதிர்காலம் வந்துவிட்டால் பட்டணத்துக்காரர்கள் காரில் வந்து இறங்கி, "மான் வறுவலுக்கு நல்ல சிவப்பு ஒயின் ஒண்ணு குடுங்க" என்பார்கள். அக்கா பாட்டிலைத் தொடவே மாட்டார். "குழம்புல என்ன போடுவீங்க?" என்பார். தெரியாது என்றால், "சமைக்கிறவங்களுக்குப் போன் போடுங்க, நான் எங்கயும் போகமாட்டேன்." இருப்பதிலேயே விலை கூடினதைக் கொடுங்கள் என்று ஒருவர் அடம்பிடித்தார். அக்கா அவருக்கு அதை விற்க மறுத்து, பாதி விலையில் இன்னொன்றைச் சுற்றிக் கொடுத்தார். சங்கத் தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த வருடம் அதே ஆள் தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

ஒயின்களைப் பற்றி ஆட்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார். "இவன் வாசல்லயே சத்தம் போட்டுக்கிட்டு வர்றவன். மேஜையில மத்தவங்களைப் பேச விடமாட்டான்." "இவ பாவம், குழம்பு முன்னாடி வாயே தொறக்கலை." எங்கள் காட்டு மான் சின்ன மான். கறியில் பெயருக்குக்கூடக் கொழுப்பு இருக்காது. அதற்கு வேண்டியது சத்தம் போடுகிறவனும் இல்லை, வாய் திறக்காதவளும் இல்லை. கறி பேசி முடித்ததும் தான் பேச ஆரம்பிக்கிற ஒயின் வேண்டும். இதை அக்கா சொல்லித்தான் ஊரே கற்றுக்கொண்டது. இப்போது எல்லோரும் தாங்களே கண்டுபிடித்ததுபோல் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

வேட்டைக்காரர்களின் புனிதர் ஹூபர்ட்டின் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்ததும் ஊர் முழுக்க என் விடுதியில் மான் விருந்து. மானை வேட்டைக்காரர்கள் தருவார்கள். வறுப்பது நான். இங்கே வீட்டுக்கு வீடு ஒயின் உண்டாக்குவார்கள்; விருந்துக்கு எந்த வீட்டு ஒயின் என்று முடிவு செய்வது ரோஸ்விதா அக்கா. தேர்ந்தெடுத்த பாட்டிலின் தக்கையை, அதை உண்டாக்கியவரின் தட்டுக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பார். அவர் எழுந்து நிற்க வேண்டும், எல்லோரும் அவர் பக்கம் கோப்பையை உயர்த்துவோம். அந்தத் தக்கை அவர் வீட்டு நிலவறை வாசலுக்கு மேலே ஏறிவிடும். இங்கே தேர்தலில் தோற்றவர்கள்கூட அடுத்த நாள் கடைக்கு வந்து சிரிப்பார்கள். தக்கை கிடைக்காதவர்கள் ஒரு வாரம் முகம் கொடுக்கமாட்டார்கள்.

அக்காவுக்கும் திராட்சைத் தோட்டம் உண்டு. சரிவின் உச்சியில், காட்டை ஒட்டி. ஆனால் தன் வீட்டு ஒயினை ஒரு வருடம்கூட அவர் போட்டிக்கு எடுத்ததில்லை. "நானே எடுத்து நானே வாங்கிக்கிட்டா அதுக்குப் பேரு தேர்வா?" என்பார். பெர்ட்ராம் உயிரோடு இருந்தபோது நிலவறை வாசலுக்கு மேலே ஓர் ஆணி அடித்து வைத்தார். "எல்லார் வீட்டுலயும் தக்கை தொங்குது. நீதிபதி வீட்டுல ஆணியாவது இருக்கட்டும்" என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். ஆணி இன்னும் இருக்கிறது, ஒன்றும் தொங்கவில்லை.

காட்டை ஒட்டிய தோட்டம் என்பதால் வசந்தத்தில் மான்கள் வந்து துளிரை மேய்ந்துவிடும். வேட்டைத் தலைவர் கெபார்ட்டுக்கும் அக்காவுக்கும் இதனால் தீராத சண்டை. "உன் மான் என் துளிரைத் தின்னுச்சு" என்று இவர் போய் நிற்பார். "என் மானா? அது கழுத்துல என் பேரா எழுதியிருக்கு?" என்பார் அவர். இரண்டு பேரும் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அப்போதும் இப்படித்தான் என்று கேள்வி.

மான் தின்றது போக மிஞ்சிய குலைகளிலிருந்து அக்கா எடுத்த சிவப்பு ஒயின் இந்த வருடம் பாட்டிலுக்கு வந்தது. விருந்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை, அதையும் கொண்டுவந்திருந்தார், லேபிள்கூட ஒட்டாமல். "சும்மா, ஒப்பிட்டுப் பாக்க" என்றார். மற்ற வீட்டு ஒயின்களை ஒவ்வொன்றாக ரொட்டியும் குழம்புமாக ருசி பார்த்து, போதை ஏறாமல் இருக்க ஒவ்வொரு வாயையும் என் தொட்டியில் குறி தவறாமல் துப்பினார். கடைசியில் தன்னுடையதை ருசி பார்த்தார். துப்பவில்லை. விழுங்கிவிட்டார்.

"என்னக்கா?"

"சரியா இருக்கு. அதான் பிரச்சினை."

"பிரச்சினை என்ன இருக்கு? எடுத்து வைங்க."

"வச்சா ஊர் என்ன சொல்லும்? இத்தனை வருஷம் நியாயமா இருந்தேன்னு ஒரு பேரு இருக்குடா. அது போச்சுன்னா இந்த நாக்கை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

கடைசியில் ஊர்த் தோட்டக்காரர்களில் ஒருவரான ஓட்மார் அண்ணனின் ஒயின் என்று முடிவானது. புது ஓக் மரப் பீப்பாயில் கிடந்து மர வாசனை ஏறிய ஒயின், விலையும் மரியாதையும் உள்ளது. யாரும் குறை சொல்ல முடியாத தேர்வு. போகும்போது தன் ஒயினில் இரண்டு பெட்டியை என் பின்வாசலில் இறக்கிவிட்டு, "குழம்புக்கு ஊத்திக்கோ" என்றார். எத்தனை பெரிய சட்டி வைத்தாலும் குழம்புக்கு இரண்டு பாட்டில் போதும். இரண்டு பெட்டி இறக்கியவர் மனதில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. குழம்பிலும் ஊற்றவில்லை. சமையலறையை ஒட்டிய குளிர்ந்த நடையில் எடுத்து வைத்தேன்.

ஞாயிறு கூடம் நிரம்பி வழிந்தது. ஓட்மார் தட்டுக்கு முன்னால் அக்கா தக்கையை வைத்தார், அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு எழுந்து நின்றார், கோப்பைகள் உயர்ந்தன. சிவப்பு முட்டைக்கோஸ், வெந்த பேரிக்காய் எல்லாம் பரிமாறி, வறுத்த மானை நானே வெட்டி வைத்தேன். அக்கா ஒரு துண்டு சாப்பிட்டு ஒரு வாய் குடித்தார். மெல்லுவதை நிறுத்திவிட்டார். எதிரே கெபார்ட் கோப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தண்ணீருக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்று அக்கா எழுந்தார். "யாரும் குடிக்காதீங்க."

உயர்த்திய கோப்பைகள் ஒவ்வொன்றாக மேஜையில் இறங்கின.

"ஓட்மார் அண்ணே, உங்க ஒயின்ல குத்தம் இல்லை. மாட்டுக்கறிக்கு அதை அடிச்சுக்க ஆள் கிடையாது, இந்தச் சின்ன மானைத்தான் பேச விடலை. எடுத்தவ மேலதான் தப்பு. நேத்தே நாக்கு சொல்லிச்சு. நான்தான் ஊர் வாய்க்குப் பயந்து கேக்கலை. இந்த மானை கெபார்ட் ஒரு தடவை கொன்னான். இப்போ நான் இன்னொரு தடவை கொன்னுக்கிட்டிருக்கேன்."

"அப்போ எதைத்தான் குடிக்கச் சொல்ற?" ஓட்மாரின் முகம் சிவந்துவிட்டது.

அக்கா என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே நடைக்குப் பாதி தூரம் போயிருந்தேன்.

லேபிள் இல்லாத பாட்டில்களைப் பார்த்ததும் அது அக்காவின் ஒயின் என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. முதலில் வாய் திறந்தவர் ஓட்மாரின் மனைவி இர்ம்கார்ட். "ஓகோ, சொந்தச் சரக்கு! இத்தனை வருஷம் நியாயம் பேசினது இதுக்குத்தானா?"

அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் அக்கா ஒருநாள் முழுக்கத் தன் நாக்கையே கட்டிப்போட்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கன்னம் வெளுத்துப்போனது. ஆனாலும் தானே தக்கையைப் பிடுங்கி, முதல் கோப்பையை ஓட்மாருக்கு ஊற்றினார்.

"நீங்க சொல்லுங்கண்ணே. இது சரியில்லன்னா இனிமே நான் எடுக்கவே மாட்டேன்."

ஓட்மார் ஒரு துண்டு கறி தின்றார், ஒரு வாய் குடித்தார். மறுபடி ஒரு துண்டு. மறுபடி ஒரு வாய். பேரிக்காயும் சேர்த்து ஒரு தடவை. அவர் சாப்பிடுவதையே ஊர் பார்த்துக்கொண்டிருந்தது, எனக்கோ தட்டுகள் ஆறிப்போகிற கவலை வேறு.

"என்னங்க, சொல்லுங்க" என்றார் இர்ம்கார்ட்.

"சும்மா இருடி. சாப்பிடு, ஆறிடப்போகுது." தன் முன்னால் இருந்த தக்கையை எடுத்து மேஜைமேல் உருட்டிவிட்டார். அது தண்ணீர்க் குவளையில் மோதி அக்காவின் கைப்பக்கம் வந்து நின்றது. "இது இங்க இருக்க வேணாம், ரோஸ்விதா."

அதற்குள் மற்ற கோப்பைகளையும் நான் நிரப்பியிருந்தேன். கெபார்ட் தன்னுடையதைக் காலி செய்துவிட்டு உரக்கச் சொன்னார்: "என் மான் தின்னதெல்லாம் இவ தோட்டத்துத் துளிரைத்தானே? அதுக்குப் பழகின ருசி இதுதான்!"

"உன் மானா?" என்றார் அக்கா. "இப்போ ஒத்துக்கிட்டியா? எல்லாரும் கேட்டுக்கோங்க!"

கூடமே சிரித்தது, இர்ம்கார்ட்கூட. எனக்கு அப்போது வந்த பெருமையை எப்படிச் சொல்வது? மானை வறுத்தது நான்தான் என்பதே மறந்துபோனது. ஊர் முன்னால் தன் தப்பை ஒத்துக்கொள்ளும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். தன்னுடையதுதான் சரி என்பதை ஊர் முன்னால் ஒத்துக்கொள்வது அதைவிடக் கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஓட்மாரின் தக்கையை அக்கா கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். தன் பாட்டிலிலிருந்து பிடுங்கிய இன்னொரு தக்கை அவர் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பார் என்று எல்லோரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தோம். அவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். கோட்டின் கையை இழுத்து மடித்துவிட்டுக்கொண்டார். தக்கையைத் தன் தட்டுக்கு முன்னால் நேராக நிறுத்தி வைத்தார். பிறகு, வழக்கப்படி, எழுந்து நின்றார்.