திரை மூலையில் அவர் பெயர்

பேய், பிசாசு என்று யாராவது சொன்னால் சிரிக்கிறவள் நான். தென்காசியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை நடத்துகிறேன். கடையைத் தொடங்கியவர் என் கணவர். ராணுவத்தில் வலது கைச் சுண்டுவிரலை இழந்தவர். அந்த விரலுக்குரிய எழுத்துகளை மற்ற விரல்களுக்கு எட்டும்படி மாற்றி, தனக்கென்று ஒரு கீபோர்டு லேஅவுட் செய்து, ‘பரமசிவம்’ என்று தன் பெயரையே வைத்திருந்தார்.

அவர் இறந்த பிறகு, சாரல் விழுந்த ஒரு காலையில் பாவூர்சத்திரத்துக்காரர் ஒருவருக்குப் பட்டா மனு அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பாதி எழுத்துகள் வேறு எழுத்தாக விழுந்தன. திரையின் கீழ்மூலையைச் சொடுக்கினால், லேஅவுட் லிஸ்ட்டில் அவர் பெயர் தேர்வாகி நின்றது. நான் தொடவே இல்லை. மறுநாளும் அப்படியே. பயத்தில் செட்டிங்ஸுக்குப் போய் அந்தப் பெயரை நீக்கினேன். நீக்கிய பிறகுதான், அவரை இரண்டாம் முறை அனுப்பிவைத்தது போலக் கதறினேன்.

கொழுந்தன் ஓடி வந்தான். “அழாதிய மைனி. ஆல்ட்டும் ஷிப்ட்டும் சேந்து அமுங்குனா லேஅவுட் தானா மாறிரும். நீங்க லிஸ்ட்ல இருந்துதான் எடுத்திருக்கிய. அண்ணன் செஞ்சது இங்கன கம்ப்யூட்டர்லதான் கெடக்கு” என்று திரும்பச் சேர்த்துக் கொடுத்தான்.

இப்போது எதையும் நீக்கும்முன் நகல் எடுத்து வைக்கிறேன். அந்த ஆல்ட், ஷிப்ட் வசதியையும் நிறுத்திவிட்டேன். இனி அவர் தானாக வர முடியாது. அதனால் தினமும் கடை திறந்ததும் நானே அவர் பெயரைத் தேர்ந்தெடுத்து, சுண்டுவிரலை மடக்கிக்கொண்டு முதல் வரியை அடிக்கிறேன்.